ஹவாயின் குட்டி அந்துப்பூச்சிகள்: பலரும் செய்யும் தவறுகள்

ஹைப்போஸ்மோகோமா. ஹவாய்த் தீவுகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத அந்துப்பூச்சிப் பேரினம். பூச்சி விரல்நகத்தைவிடச் சிறியது. இதை ஏதோ ஒரே பூச்சி போல "ஹவாய் அந்துப்பூச்சி" என்று ஒருமையில் எழுதுவதுதான் முதல் தவறு. பெயரிடப்பட்ட இனங்களே 350க்கு மேல்.

இதன் புழு பட்டுநூலால் ஓர் உறை பின்னி, அதைச் சுமந்தபடியே திரியும். சுருட்டு, கூம்பு, மிட்டாய்த்தாள் என்று உறைக்குத்தான் எத்தனை வடிவம்! வீட்டுச் சுவரில் ஊரும் உறைப்புழுவோடு இதைச் சேர்த்துப் பேசாதீர்கள். அது வேறு குடும்பம்.

புழு என்றால் இலைதான் தின்னும் என்ற நினைப்பும் இங்கே செல்லாது. 2005இல் விவரிக்கப்பட்ட ஹைப்போஸ்மோகோமா மொலஸ்கிவோராவின் புழு நத்தை தின்னி. ஓய்ந்திருக்கும் குட்டி நத்தையைப் பட்டுநூலால் இலையோடு கட்டிப்போட்டு, ஓட்டுக்குள் புகுந்து உயிரோடு தின்கிறது. பட்டினி போட்டாலும் செடியைத் தொடுவதில்லை. எனக்கு இந்தப் பேரினத்தின் மேல் பைத்தியம் பிடித்ததே இதைப் படித்த பிறகுதான்.

ஓடைக்குள் வாழும் இனங்களுக்குச் செவுள் இருக்கும் என்று எழுதிவிடுகிறார்கள். இல்லை. விரைந்தோடும் நீரிலுள்ள ஆக்சிஜனைத் தோல் வழியாகவே பெறுகின்றன. அதே புழு தேங்கிய நீரில் மூழ்கிச் சாகும். கரையிலோ சுகமாக வாழும்.

அடிக்கடி கண்ணில் படும் பிழை வயதுக் கணக்கு. இன்றைய பெரிய தீவுகளில் மூத்தது கவாய். அதற்குச் சுமார் 50 லட்சம் ஆண்டுகள். எனவே பூச்சியும் அதற்குப் பிறகே வந்திருக்கும் என்று கணக்குப் போடுகிறார்கள். மரபணு ஆய்வு சொல்வது சுமார் 1.5 கோடி ஆண்டுகள். அப்படியானால் முதலில் எங்கே இருந்தது? வடமேற்கில், இன்று தேய்ந்து பாறைகளாகவும் பவளத்திட்டுகளாகவும் கிடப்பவை அன்று உயர்ந்த தீவுகள். அவை ஒவ்வொன்றாய் அமிழ அமிழ, பூச்சி புதிதாய் எழுந்த தீவுகளுக்குத் தாவிக்கொண்டே வந்திருக்கிறது.

இத்தனை இனம் இருக்கிறதே, அழியாது என்றும் நினைக்க வேண்டாம். சிலந்தி வலையில் குடியிருந்து, செத்த பூச்சிகளின் உடல் துண்டுகளை உறையில் ஒட்டிக்கொள்ளும் 'எலும்பு சேகரிப்பான்' புழு 2025இல் உலகுக்குத் தெரியவந்தது. ஓவாஹு தீவில் ஒரே மலைத்தொடரின் சுமார் 15 சதுர கிலோமீட்டரில் மட்டுமே அது இருக்கிறது. இருபதாண்டுக்கும் மேலாகத் தேடிக் கிடைத்தவை 62 புழுக்கள்.

ஹவாயில் பாறையில் ஓர் உறையைக் கண்டால் காலியென்று பெயர்த்தெடுக்காதீர்கள். ஆள் நிழல் பட்டதும் புழு தலையை உள்ளிழுத்துக்கொண்டிருக்கலாம்.