ரெய்டு போட்டாச்சு, டிஸ்க் போனால் யார் சொல்வார்கள்?

ஒரு சின்ன ஆபீஸிலிருந்து கூப்பிட்டார்கள், சர்வர் எழுந்திருக்கவில்லை என்று. உள்ளே இரண்டு டிஸ்க், ரெய்டு 1. ரெய்டு என்றால் பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஒன்றுபோல ஓட்டுவது. ரெய்டு 1-இல் ஒன்றில் எழுதுவது அப்படியே மற்றதிலும் இருக்கும். அதில் ஒன்று சுத்தமாகப் போயிருந்தது. சரி, இன்னொன்று இருக்கிறதே என்று தனியாக மாட்டிப் பார்த்தால், அதிலிருந்த கடைசி பில் ஏழு மாதம் பழையது. ஏழு மாதத்துக்கு முன்பே ரெய்டிலிருந்து கழன்றுவிட்ட டிஸ்க் அது. ஒன்று போனாலும் சர்வர் நிற்காமல் ஓடியது. அதனால் யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

லினக்ஸில் எம்டிஆட்மின் (mdadm) என்ற ரெய்டு கருவியை வைத்து ரெய்டு போட்டிருந்தால், ரெய்டின் நிலையைக் காட்டும் எம்டிஸ்டாட் (/proc/mdstat) ஃபைலைப் பாருங்கள். இரண்டு டிஸ்க்கும் நலமென்றால் சதுர அடைப்புக்குள் இரண்டு ‘யு’ நிற்கும். ஒரு ‘யு’ இருக்க வேண்டிய இடத்தில் அடிக்கோடு இருந்தால் அந்த டிஸ்க் இல்லை. தினமும் யார் பார்ப்பது? அதற்குத்தான் எம்டிஆட்மினின் கான்ஃபிக் ஃபைலில் மெயில் முகவரி கொடுப்பது. கொடுத்தால் மட்டும் போதாது, சர்வரிலிருந்து மெயில் வெளியே போகவும் வழி வேண்டும். டெஸ்ட் மெயில் போனில் வந்து விழுந்ததைக் கண்ணால் பார்த்த பிறகுதான் நான் நம்புவேன்.

அந்த டிஸ்க் ஏன் கழன்றது? சாதாரண டெஸ்க்டாப் டிஸ்க். ஒரு செக்டாரை, அதாவது டிஸ்க்கின் ஒரு சின்னத் துண்டைப் படிக்க முடியாவிட்டால் இந்த வகை டிஸ்க்குகள் நிமிடக்கணக்கில்கூட முட்டி மோதும். லினக்ஸ் வழக்கமாக 30 நொடிதான் பொறுக்கும். அப்புறம் டிஸ்க் வெளியே. நாஸ் (நெட்வொர்க்கில் மாட்டும் ஸ்டோரேஜ் பெட்டி), சர்வர் ஆகியவற்றுக்கான டிஸ்க்குகள் பெரும்பாலும் 7 நொடியில் கைவிட்டு, படிக்க முடியவில்லை என்று சொல்லிவிடும். ரெய்டு அதை மற்ற டிஸ்க்கிலிருந்து எடுத்துத் திரும்ப எழுதிக்கொள்ளும். கூடுதல் விலை கொடுப்பது வீண் இல்லை.

செத்த டிஸ்க்கை மாற்றப்போய் நல்ல டிஸ்க்கை உருவியவர்கள் உண்டு. லினக்ஸ் டிஸ்க்குகளுக்கு வைக்கும் எஸ்டிஏ, எஸ்டிபி (sda, sdb) என்ற பெயர்கள் ரீபூட்டில் மாறலாம். சீரியல் நம்பரை ஸ்டிக்கரில் எழுதி டிரேயின் முன்பக்கம் ஒட்டிவிடுங்கள்.

பெரிய டிஸ்க்குகளில், ஒரு டிஸ்க் போனால் மட்டும் தாங்கும் ரெய்டு 5 எனக்குப் பிடிக்காது. 8 டிபி டிஸ்க் ஒன்றை மாற்றினால், நொடிக்கு 150 எம்பி வேகம் என்றாலும் ரீபில்டுக்கு, அதாவது புது டிஸ்க்கில் டேட்டாவைத் திரும்ப நிரப்ப, சுமார் 15 மணி நேரம். அவ்வளவு நேரமும் மிச்ச டிஸ்க்குகள் முழுசாகப் படிக்கப்படும். அதில் ஒன்று போனால் எல்லாம் போச்சு. அதுவும் எல்லாம் ஒரே நாளில் வாங்கிய ஒரே பேட்ச் என்றால் கேட்கவே வேண்டாம். ரெய்டு 6 இரண்டு டிஸ்க் போனாலும் தாங்கும்.

பேக்கப் தனியாக வேண்டும். கை தவறி ஒரு ஃபோல்டரை அழித்தால் எல்லா டிஸ்க்கிலும் சேர்ந்தே அழியும்.

டேட்டா ஏற்றும் முன், சர்வரை அணைத்துவிட்டு முதல் டிஸ்க்கைக் கழற்றி பூட் செய்து பாருங்கள். சர்வரை எழுப்பும் பூட்லோடரை ஒரே டிஸ்க்கில் போட்டிருந்தால் அங்கேயே மாட்டிக்கொள்வீர்கள். மெயில் வருகிறதா என்றும் பாருங்கள். அப்புறம் திரும்ப மாட்டி ரெய்டில் சேர்த்து, ‘யு’ இரண்டும் வரும்வரை அடுத்த டிஸ்க்கைத் தொடாதீர்கள்.