தரைக்கு நிறம் தேர்ந்தெடுப்பது எப்படி? கதவிலிருந்து தொடங்குங்கள்

வீடு கட்டுகிறவர்கள் பலர் முதலில் சுவர் பெயிண்டை முடிவு செய்துவிட்டு, பிறகு கடைக்குப் போய்க் கண்ணில் பட்ட டைல்ஸை எடுத்து வருகிறார்கள். குடிவந்த பிறகுதான் எதுவும் எதோடும் ஒட்டவில்லை என்று தெரிகிறது. இந்த வரிசையைத் திருப்பிப் போடுங்கள். பெயிண்டை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். நிலையையும் கதவையும் யாரும் மாற்றுவதில்லை, தரையைப் பெயர்த்தெடுப்பதோ வீட்டையே காலி செய்கிற வேலை. ஆகவே முதலில் மரம், அடுத்து தரை, கடைசியில்தான் சுவர்.

படி 1: மாறாதவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்

கதவு, நிலை, ஜன்னல் எந்த மரம், என்ன பாலிஷ்? சமையல் மேடைக்கு என்ன கிரானைட்? மாடிப்படிக்கு என்ன கல்? ஏற்கெனவே இருக்கும் சோபா, கட்டில், பீரோ என்ன நிறம்? ஒவ்வொரு அறையின் ஜன்னலும் எந்தத் திசையைப் பார்க்கிறது? இவ்வளவையும் ஒரு தாளில் எழுதி, பகல் வெளிச்சத்தில் கதவையும் மேடைக் கல்லையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் கிரானைட் வெட்டியதில் மிஞ்சிய ஒரு துண்டையும், பாலிஷ் போட்ட மரத்துண்டு ஒன்றையும் கையோடு கடைக்குக் கொண்டுபோங்கள். படம் நிறத்தைக் கொஞ்சம் மாற்றித்தான் காட்டும், துண்டு மாற்றாது.

படி 2: டைல்ஸின் சாயலைப் பாருங்கள்

நிறப் பொருத்தம் கெடுவது பெரும்பாலும் இங்கேதான். எந்த டைல்ஸிலும் மேலே தெரியும் நிறத்துக்கு அடியில் இன்னொரு சாயல் ஓடும். 'ஐவரி' என்று ஒரே பெயரில் விற்கும் மூன்று டைல்ஸை எடுத்தால் ஒன்றில் மஞ்சள், ஒன்றில் ரோஸ், ஒன்றில் லேசான பச்சை இருக்கும். தனியாகப் பார்த்தால் கண் ஏமாந்துவிடும். டைல்ஸின் மேல் ஒரு ஏ4 வெள்ளைத் தாளை வையுங்கள். வெள்ளை பக்கத்தில் வந்ததும் சாயல் வெளியே வந்துவிடும்.

தேக்குக் கதவில் மஞ்சளும் பழுப்பும் கலந்த சாயல் இருக்கிறது. அதற்குக் கிரீம், பீஜ், மணல் நிறம், பழுப்பு ஓடும் சாம்பல் எல்லாம் ஒட்டும். நீலம் ஓடும் சாம்பலை அதன் கீழே போட்டால் கதவு ஆரஞ்சாகவும் தரை சிமெண்ட் போட்டு விட்டதுபோலவும் தெரியும். இப்போது நிறைய வீடுகளில் நடப்பது இதுதான்: படத்தில் பார்த்த சாம்பல் தரை அழகாக இருந்தது, காரணம் அந்தப் படத்தில் கதவு வெள்ளை. சாம்பல்தான் வேண்டும் என்றால் கதவுக்கு அடர் வால்நட் பாலிஷ் அல்லது வெள்ளை பெயிண்ட் என்று முன்கூட்டியே முடிவெடுங்கள். சமையல் மேடையில் டான் பிரவுன் போன்ற செம்பழுப்பு கிரானைட் இருந்தாலும் நீலச் சாம்பலைத் தவிருங்கள். கறுப்பு கிரானைட் இருந்தால் இந்தக் கவலை இல்லை, அது எதோடும் போகும்.

படி 3: அந்த அறையின் வெளிச்சத்தில் பாருங்கள்

கடையில் டைல்ஸ் செங்குத்தாக நிற்கும், மேலே பலமான விளக்குகள் எரியும். உங்கள் வீட்டில் அது படுத்திருக்கும், வெளிச்சம் ஜன்னல் வழியாகச் சாய்வாக விழும். அதனால் ஒரே ஒரு டைல்ஸை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஒவ்வொரு ரகத்திலும் நான்கு டைல்ஸ் வாங்கி வந்து, எந்த அறைக்கோ அந்த அறையின் தரையில் சேர்த்துப் பரப்புங்கள். காலை 10 மணி, மாலை 4 மணி, இரவு விளக்கு போட்ட பிறகு என்று மூன்று முறை, நின்றுகொண்டு பாருங்கள்.

மேற்கு ஜன்னல் உள்ள அறைக்கு மாலை வெயில் மஞ்சளாக வரும், அங்கே மஞ்சள் ஓடும் கிரீம் போட்டால் இன்னும் மஞ்சளாகும். பளபளப்பான வெள்ளை போட்டால் கண் கூசும். வடக்கு ஜன்னல் அறையிலும், அடுக்குமாடி வீட்டின் உள்ளறைகளிலும் வெளிச்சம் குளிர்ந்து மங்கலாக இருக்கும். அங்கே சாம்பல் இன்னும் இருண்டு தெரியும், கிரீமும் ஐவரியும் அறையை எடுத்துக் கொடுக்கும்.

விளக்கையும் மறக்காதீர்கள். பெட்டியில் 6500கே என்று இருக்கும் எல்இடி டியூப்லைட் நீலம் கலந்த வெள்ளை, அதன் கீழே சாம்பல் நீலமாகிவிடும். 3000கே விளக்கின் கீழே ஐவரி வெண்ணெய் நிறத்துக்குப் போகும். நடுவில் 4000கே இருக்கிறது. டைல்ஸின் நிறம் அதிகம் மாறாமல் தெரிய வேண்டும் என்றால் அதுவே நல்லது.

படி 4: எவ்வளவு அடர்த்தி?

சிறிய அறைக்கு வெளிர் நிறம் என்று பொதுவாகச் சொல்வது சரிதான், ஆனால் வெளிர் என்றால் தூய வெள்ளை என்று பொருள் இல்லை. வெள்ளையில் உதிர்ந்த தலைமுடி ஒவ்வொன்றும் தெரியும். கறுப்பிலோ தூசி, கால் தடம், துடைத்த நீரின் கோடு எல்லாமே தெரியும். அழுக்கை அதிகம் காட்டாதது நடுத்தர நிறம்தான், அதிலும் மெல்லிய புள்ளியோ நரம்போ ஓடுவது. சுவர் தரையைவிட ஒரு படி வெளிராக இருந்தால் கூரை உயரமாகத் தெரியும். சுவரும் தரையும் ஒரே நிறமாகிவிட்டால் அறைக்கு அடித்தளமே இல்லாததுபோல் இருக்கும்.

பளபளப்பும் நிறத்தை மாற்றும். ஒரே நிறம் பாலிஷில் அடர்ந்தும், 'மேட்' என்கிற பளபளப்பில்லாத ரகத்தில் கொஞ்சம் வெளிறியும் தெரியும். மாதிரி பார்க்கும்போது வாங்கப்போகும் ஃபினிஷிலேயே பாருங்கள்.

படி 5: இடத்துக்கு இடம்

ஹாலும் சாப்பாட்டு இடமும் ஒன்றாகத் திறந்திருந்தால் ஒரே டைல்ஸ் போடுங்கள். நடுவில் நிறம் மாறினால் இரண்டும் சிறிதாகிவிடும். படுக்கையறையில் மாற்றலாம், ஆனால் சாயல் ஒன்றாக இருக்கட்டும்.

பூஜை அறையில் மஞ்சளும் குங்குமமும் எண்ணெயும் சிந்தும். நுண்துளை உள்ள வெள்ளை மார்பிளில் இவை இறங்கிவிடும், எலுமிச்சையும் புளியும் பட்டாலோ பாலிஷே போய்விடும். அங்கே பழுப்பு ஓடும் விட்ரிஃபைடு டைல்ஸோ கிரானைட்டோ நிம்மதி.

குளியலறைக்குக் கறுப்பு மேட் டைல்ஸ் படத்தில் எடுப்பாக இருக்கும். ஆனால் போர் தண்ணீர் உப்பாக இருக்கும் ஊரில் சில வாரங்களிலேயே வெள்ளைப் படலம் கட்டும். வெளிர் சாம்பல் அல்லது மணல் நிறத்தில் வழுக்காத ரகத்தை எடுத்து, சுவரை வேறு நிறமாக விடுங்கள். தரை எங்கே முடிகிறது என்று வயதானவர்களுக்குத் தெளிவாகத் தெரியும். படிக்கட்டிலும் அப்படித்தான், ஒவ்வொரு படியின் விளிம்பிலும் வேறு நிறப் பட்டை ஒன்று ஓடட்டும்.

வாசலில் கோலம் போடுகிற வீடு என்றால் அங்கே வெளிர் டைல்ஸ் வேண்டாம், மாவு தெரியாது. சொரசொரப்பான கருஞ்சாம்பல் கிரானைட்டில் கோலம் பளிச்சென்று நிற்கும், மழையில் வழுக்கவும் செய்யாது.

ஆத்தங்குடி டைல்ஸ் போட ஆசைப்பட்டால், அந்த அறையில் அதுதான் பேச வேண்டும். சுவர் வெறும் சுண்ணாம்பு வெள்ளை, திரை ஒற்றை நிறம், அவ்வளவு போதும். கண்ணாடித் தட்டில் வார்க்கும் சிமெண்ட் டைல்ஸ் அது, சூளையில் சுட்டது இல்லை. ஆசிட் ஊற்றிக் கழுவினால் நிறம் போய்விடும். புழங்கப் புழங்கத்தான் மினுமினுப்பு கூடும்.

படி 6: இடைவெளி நிறம்

டைல்ஸ் இடுக்கில் பூசும் கிரவுட்டின் நிறத்தைக் கொத்தனார் கையில் விட்டுவிடாதீர்கள், கிடைத்த வெள்ளையைப் பூசிவிடுவார். வெள்ளை சிமெண்ட் கிரவுட் நடமாட்டம் உள்ள இடத்தில் பழுப்பாகி, தரை முழுக்கக் கட்டம் போட்டதுபோல் தெரியும். டைல்ஸைவிட ஒரு படி அடர்ந்த நிறம் எடுங்கள். சமையலறையிலும் குளியலறையிலும் சிமெண்டுக்குப் பதில் பிசினால் ஆன எபாக்ஸி கிரவுட் போட்டால் கறை பிடிப்பது வெகுவாகக் குறையும். விலை கூடுதல், பூசியவுடன் துடைத்தெடுக்கத் தெரிந்த ஆள் வேண்டும்.

படி 7: கணக்குப் போட்டு ஒரே தடவையில் வாங்குங்கள்

600க்கு 600 மி.மீ. டைல்ஸைக் கடையில் '2க்கு 2' என்பார்கள். உண்மையில் 2 அடி என்பது 609.6 மி.மீ. அதனால் 4 டைல்ஸ் உள்ள பெட்டி 16 சதுர அடி இல்லை, 15.5 சதுர அடிதான்.

12க்கு 16 அடி ஹால் என்று வைப்போம். தரை 192 சதுர அடி. சுற்றளவு 56 அடியில் கதவுகளுக்கு 7 அடி கழித்தால் 49 அடி. சுவரின் அடியில் ஒட்டும் 4 அங்குலப் பட்டைக்கு (ஸ்கர்ட்டிங்) ஏறக்குறைய 16 சதுர அடி. மொத்தம் 208. வெட்டுக் கழிவுக்கு 8 சதவீதம் சேர்த்தால் 225. இதை 15.5 ஆல் வகுத்தால் 14.5, ஆகவே 15 பெட்டி. உடைந்தால் மாற்ற இன்னொரு பெட்டியும் சேர்த்து 16 வாங்குங்கள்.

இறக்கும்போதே ஒவ்வொரு பெட்டியிலும் அச்சிட்டிருக்கும் பேட்ச் எண்ணையும் ஷேட் எண்ணையும் படித்துப் பாருங்கள். ஒரே மாடலாக இருந்தாலும் வேறு பேட்ச் என்றால் நிறம் ஒரு இழை மாறும். தரையில் சேர்ந்து படுத்த பிறகுதான் அது கண்ணில் படும். இரண்டு எண் வந்தால் அங்கேயே திருப்பி அனுப்புங்கள். கடையில் மாற்று இல்லை என்றால், ஒரு பேட்சை முழுக்க ஒரு அறைக்கு ஒதுக்கி, இன்னொன்றை நிலைப்படிக்கு அப்பால் உள்ள அறைக்குப் போடச் சொல்லுங்கள்.

ஒட்டுகிற அன்று நான்கைந்து பெட்டிகளை ஒரே நேரத்தில் பிரித்து, மாற்றி மாற்றி எடுத்து வைக்கச் சொல்லுங்கள். நரம்பு ஓடும் டைல்ஸ் என்றால் முதல் இரண்டு வரிசையைக் கலவை போடாமல் வெறுமனே பரப்பி, வாசலில் நின்று பார்த்த பிறகே ஒட்ட விடுங்கள். ஒரே வடிவ டைல்ஸ் இரண்டு அக்கம்பக்கமாக வந்திருந்தால் அப்போதே இடம் மாற்றிவிடலாம்.