ஆறாம் வகுப்பில் ஒரு கிராம சபை: குடிமையியல் எடுக்கப் போகிற புது ஆசிரியர்களுக்கு

முதல் வருடம் குடிமையியல் எடுத்தபோது நான் நாடாளுமன்றத்தில் இருந்துதான் தொடங்கினேன். மக்களவை, மாநிலங்களவை, குடியரசுத் தலைவர் என்று கரும்பலகையில் எழுதிப் போட்டேன், பிள்ளைகளும் அழகாக எழுதிக்கொண்டார்கள், தேர்வில் மதிப்பெண்ணும் வாங்கினார்கள். ஆனால் பள்ளி வாசலில் பல நாளாக எரியாமல் இருந்த தெருவிளக்கை யாரிடம் போய்ச் சொல்வது என்று ஒருநாள் கேட்டபோது வகுப்பில் ஒருவருக்கும் தெரியவில்லை. அதற்குப் பிறகு நான் பாடத்தைத் தெருவில் இருந்துதான் தொடங்குகிறேன். ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை எதற்கும் இது பொருந்தும், ஆறு பாடவேளை போதும், செலவு என்று பார்த்தால் கலர் பேப்பர், ஒரு அட்டைப்பெட்டி, ஒரு நோட்டு, அவ்வளவுதான்.

முதல் படி: தெருவைப் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள்

வெள்ளிக்கிழமை வீட்டுப்பாடமாகக் கொடுங்கள். வீட்டில் இருந்து பள்ளிக்கு வரும் வழியில் அரசு சம்பந்தப்பட்ட பத்து விஷயங்களை எழுதி வர வேண்டும். குழாயடி, ஓவர்ஹெட் டேங்க், ரேஷன் கடை, அங்கன்வாடி, பஸ் ஸ்டாப், தபால் நிலையம், ரயில்வே கேட் என்று பட்டியல் வரும். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அது நன்றாக இருக்கிறதா, பழுதா என்று ஒரு வரி. பழுது என்றால் சரியாக எந்த இடம் என்பதையும் எழுதச் சொல்லுங்கள், பின்னால் தேவைப்படும்.

இரண்டாம் படி: இது யாருடைய வேலை?

திங்கள்கிழமை கரும்பலகையை மூன்றாகப் பிரித்து உள்ளாட்சி, மாநில அரசு, ஒன்றிய அரசு என்று தலைப்பு போடுங்கள். பிள்ளைகளே எழுந்து வந்து தங்கள் பட்டியலில் இருப்பதை ஒவ்வொரு கட்டத்தில் எழுதட்டும். குடிநீர், தெருவிளக்கு, சாக்கடை, குப்பை, ஊருக்குள் போகும் சாலை எல்லாம் ஊராட்சி. அரசுப் பேருந்தும் ரேஷன் கடையும் மாநில அரசு. தபாலும் ரயிலும் ஒன்றிய அரசு. சாலையில்தான் சண்டை வரும், ஏனென்றால் ஒரே ஊரில் ஊராட்சிச் சாலையும் இருக்கும், மாநில நெடுஞ்சாலையும் இருக்கும், தேசிய நெடுஞ்சாலையும் இருக்கும். அந்தச் சண்டையைச் சீக்கிரம் தீர்த்து வைக்காதீர்கள், அரசு ஏன் இத்தனை அடுக்காக இருக்கிறது என்கிற கேள்வி அங்கேதான் பிறக்கிறது. அப்புறம் பணம் எங்கே இருந்து வருகிறது என்று இரண்டு நிமிடம் சொல்லுங்கள்: வீட்டு வரி, குடிநீர்க் கட்டணம், வரிப்பணத்தைப் பங்கிடப் பரிந்துரைக்கும் நிதிக்குழு மூலம் வரும் மானியம்.

மூன்றாம் படி: தேர்தல்

36 பேர் இருக்கிற வகுப்பு என்றால் ஆறு வார்டு, வார்டுக்கு ஆறு பேர். தமிழ்நாட்டுக் கிராமங்களில் வாக்காளருக்கு நான்கு ஓட்டு: வார்டு உறுப்பினர், ஊராட்சித் தலைவர், ஊராட்சி ஒன்றியக் (பல ஊராட்சிகள் சேர்ந்தது) கவுன்சிலர், மாவட்டக் கவுன்சிலர். வகுப்புக்கு முதல் இரண்டு போதும். வார்டுக்கு வெள்ளைச் சீட்டு, தலைவருக்கு இளஞ்சிவப்புச் சீட்டு, நிஜத் தேர்தலில் இருப்பது போலவே. அட்டைப்பெட்டிதான் வாக்குப்பெட்டி, ரகசியமாகப் போட ஒரு மூலையைத் துப்பட்டாவால் மறைத்தால் சரி. ஓட்டுப் போட 18 வயது, உள்ளாட்சித் தேர்தலில் நிற்க 21 வயது என்பதை இந்த இடத்தில் சொல்லிவிடலாம்.

பாதி வார்டுகளைப் பெண்களுக்கு ஒதுக்குங்கள். தமிழ்நாட்டு உள்ளாட்சியில் 2016 முதல் சட்டமே அப்படித்தான். நான் குலுக்கல் போட்டு ஒதுக்குவேன், நிஜத்தில் மக்கள்தொகைக் கணக்கை வைத்து, சுழற்சி முறையில் ஒதுக்குகிறார்கள் என்பதையும் சொல்லிவிடுவேன். "எங்க வார்டுல நாங்க ஏன் டீச்சர் நிக்கக் கூடாது?" என்று ஒரு பையன் கட்டாயம் கேட்பான். நல்ல கேள்வி, கோபப்படாதீர்கள். எட்டாம் வகுப்பு என்றால் நான் மதுரைப் பக்கத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி கதையைச் சொல்வேன். தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது என்பதற்காகவே அங்கே 1996 முதல் பத்து வருடம் முறையாகத் தேர்தல் நடத்த விடவில்லை, 2006 அக்டோபரில்தான் நடந்தது. வகுப்பு அமைதியாகிவிடும். அந்த அமைதியை உடனே பேசிக் கலைக்க வேண்டாம்.

குடவோலை என்கிற பழைய தேர்தல் முறையைப் பற்றி யாராவது கேட்பார்கள், பாடப்புத்தகத்தில் இருக்கிறதே. உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு, வருடம் 919, 921. முப்பது குடும்பு (அந்தக் காலத்து வார்டு), ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டுக் குலுக்கல். கணக்குக் காட்டாதவர்களும் அவர்களுடைய உறவினர்களும் நிற்க முடியாது என்கிற விதி எனக்கு மிகவும் பிடிக்கும். அதே கல்வெட்டு 35 முதல் 70 வயது, சொந்த நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் படிப்பு என்றும் கேட்கிறது. "நம்ம வகுப்புல யாரெல்லாம் நின்னிருக்க முடியும்?" என்று கேட்டுப் பாருங்கள். ஒரு கையும் தூக்காது. பெருமையோடு இதையும் சேர்த்தே சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து.

நான்காம் படி: கிராம சபை

இதற்கு முழுதாக இரண்டு பாடவேளை வேண்டும், குறைக்காதீர்கள். 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்த 73ஆவது திருத்தம் கிராம சபையை அரசியல் சாசனத்துக்குள் கொண்டுவந்தது. ஊரின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிற எல்லோருமே அதன் உறுப்பினர்கள். தமிழ்நாட்டில் அது கூடும் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்ற நான்கு நாட்களோடு 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாட்களும் சேர்ந்தன. நகரத்துப் பள்ளி என்றால் இதே பயிற்சியைப் பகுதி சபை (நகரத்து வார்டின் ஒரு பகுதி மக்கள் கூடுவது) என்று வைத்து நடத்தலாம்.

பெஞ்சுகளை ஓரம் தள்ளிவிட்டு எல்லோரும் தரையில் உட்காருங்கள். தலைவரும் தரையில்தான். கையெழுத்து நன்றாக இருக்கிற ஒருவர் ஊராட்சி செயலர். தலைவர் வரவு செலவை வாசிக்கட்டும், நீங்கள் முன்பே ஒரு லட்ச ரூபாய்க்குக் கணக்கு எழுதிக் கொடுத்திருக்க வேண்டும், அதில் வேண்டுமென்றே ஒரு தவறு வையுங்கள். டேங்க் சுத்தம் செய்த செலவை இரண்டு முறை எழுதினால் போதும். யாராவது கண்டுபிடிக்கிறார்களா பாருங்கள், முதல் முறை பெரும்பாலும் மாட்டார்கள், கண்டுபிடித்துவிட்டால் அடுத்த கூட்டத்தில் கணக்கை விரலால் தடவித் தடவிப் படிப்பார்கள்.

இன்னொன்று. கூட்டம் தொடங்கும் முன் வெற்றுத் தாளைச் சுற்றுக்கு விட்டு வருகைக்குக் கையெழுத்து என்று எல்லோரிடமும் வாங்கிவிடுங்கள். கூட்டம் முடிந்ததும் அதே தாளின் மேல்பகுதியில் "இந்த மாதம் முழுவதும் விளையாட்டுப் பாடவேளையைக் கணக்குப் பாடத்துக்கு விட்டுக்கொடுக்க ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது" என்று எழுதி வாசியுங்கள். எவ்வளவு கத்துவார்கள் தெரியுமா! "நாங்க இதுக்குப் போடலை டீச்சர்!" கையெழுத்து உங்களுடையதுதானே என்று மட்டும் கேளுங்கள். பிறகு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, தீர்மானப் புத்தகத்தில் தீர்மானம் முழுதாக எழுதி வாசித்த பிறகுதான் கையெழுத்துப் போட வேண்டும், நடுவில் இடம் விடக் கூடாது என்று சொல்லுங்கள். இரண்டு மூன்று அம்மாக்கள் பிறகு என்னிடம் வந்து, பிள்ளை வீட்டில் இதைச் சொல்லிக்கொடுத்தது என்றார்கள்.

இப்போது நிஜத் தீர்மானம். எண், தேதி, பொருள், முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர். பட்டியலில் இருந்து ஒரே ஒரு பழுதை வகுப்பு தேர்ந்தெடுக்க வேண்டும். சத்தமாகப் பேசுகிற நான்கு பேரே தீர்மானித்துவிடாமல், பேசாத பிள்ளைகளையும் ஒரு சுற்றுப் பேச வையுங்கள்.

ஐந்தாம் படி: மனு

அனுப்புநர், பெறுநர், பொருள், பிறகு விவரம். ஒரு மனுவில் ஒரு பிரச்சினைதான். தலைமை ஆசிரியரின் அனுமதி வாங்கி, மனுவைப் பெரியவர் ஒருவர் பெயரில் கொடுப்பது நல்லது. நகல் வைத்துக்கொள்ளுங்கள், ஒப்புகை ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள். ஊராட்சியில் நடக்கவில்லை என்றால் ஊராட்சி ஒன்றிய அலுவலகம், அதற்கும் மேல் திங்கள்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் நாள்.

எங்கள் பள்ளியின் முதல் மனு அந்தத் தெருவிளக்கைப் பற்றித்தான். ஒரு மாதம் பதிலே வரவில்லை. போய்க் கேட்டால் எந்த விளக்கு என்று தெரியவில்லை என்றார்கள். "பள்ளி அருகில்" என்று மட்டும் எழுதியிருந்தோம், அங்கே ஐந்து கம்பம் இருக்கிறது. ஒரு பெண் மறுநாள் காலை கம்பத்தில் பெயிண்டில் எழுதியிருந்த எண்ணை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு வந்தாள். அந்த எண்ணைப் போட்டு, பழைய ரசீதின் நகலையும் இணைத்து இரண்டாவது மனு எழுதினோம். அடுத்த வாரம் விளக்கு எரிந்தது.