கணுக்கால் பிரேஸ்: சரியாகத் தேர்ந்து சரியாக மாட்டுவது எப்படி?

முதலில் ஓர் எச்சரிக்கை. அடிபட்ட காலை ஊன்றி நாலு எட்டு வைக்க முடியவில்லையா? கணுக்கால் எலும்பு மேட்டின் பின்விளிம்பை அமுக்கினால் வலி உயிர் போகிறதா? எலும்பு முறிந்திருக்கலாம், எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்களும் மருத்துவரிடம் கேட்காமல் பிரேஸ் (கணுக்காலைத் தாங்கிப் பிடிக்கும் உறை) போடக் கூடாது. பட்டை உரசிப் புண்ணானாலும் அவர்களுக்குத் தெரியாது.

உறை போல இழுத்து மாட்டும் எலாஸ்டிக் வகை லேசான வலிக்கும் வீக்கத்துக்கும் போதும், பிசகுவதைத் தடுக்காது. கால் அடிக்கடி உள்பக்கமாக மடங்குகிறதென்றால் லேஸும் குறுக்குப் பட்டைகளும் உள்ள வகைதான் சரி. இருபுறமும் கெட்டித் தகடு வைத்த வகை புதுச் சுளுக்குக்கு ஏற்றது.

ஷூ நம்பரை மட்டும் வைத்து வாங்காதீர்கள். அளவு அட்டவணை எந்த இடத்தின் சுற்றளவைக் கேட்கிறதோ, அந்த இடத்தை நின்றபடி நாடாவால் அளந்து பாருங்கள்.

லேஸ் வகையை மாட்டும் முறை:

1. சுருக்கமில்லாத காலுறை போடுங்கள். வெறும் தோலில் மாட்டினால் உராய்ந்து கொப்புளம் வரும்.

2. உட்கார்ந்து, குதிகாலைப் பிரேஸின் பின்பகுதியில் நன்றாகப் பதியுங்கள். பாதம் காலுக்கு 90 டிகிரியில் இருக்கட்டும். பலரும் கோட்டை விடுவது இங்கேதான்: விரல்கள் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கும்போதே இறுக்கிவிடுவார்கள். எழுந்து நின்றதும் முன்பக்கம் மடிந்து வெட்டும், குதிகால் தளர்ந்துபோகும்.

3. லேஸை விரல் பக்கத்திலிருந்து மேல்நோக்கி, ஒவ்வொரு துளையாக இறுக்குங்கள்.

4. பட்டையைப் புறங்காலின் குறுக்கே கொண்டுபோய், பாதத்துக்கு அடியில் விட்டு, மறுபக்கம் மேலே இழுத்து வெல்க்ரோவில் ஒட்டுங்கள். அடுத்த பட்டையும் அப்படியே. வெளிப்பக்கமாக மேலேறும் பட்டை கொஞ்சம் கூடுதலாகவே இறுகட்டும். பெரும்பாலான சுளுக்குகளில் அடிபடுவது வெளிப்பக்க லிகமென்ட் (எலும்புகளை இணைக்கும் நார்). பாதம் உள்ளே மடங்காமல் பிடிப்பது அந்தப் பட்டைதான்.

5. கால் விரல் நகத்தை அமுக்கி விடுங்கள். வெளுத்த நகம் இரண்டு விநாடிக்குள் சிவக்க வேண்டும். மரத்தாலோ சில்லிட்டாலோ நீலம் பாரித்தாலோ உடனே தளர்த்துங்கள்.

பிரேஸோடு ஷூ இறுக்கமாக இருந்தால் உள்சோலைக் கழற்றிப் பாருங்கள். மருத்துவர் சொன்னாலொழிய தூங்கும்போது பிரேஸ் வேண்டாம். வலி தணிந்ததும் சுவரருகே ஒற்றைக்காலில் 30 விநாடி, மூன்று முறை நின்று பழகுங்கள். தள்ளாடும் காலுக்குப் பிடிமானம் தருவது இந்தப் பயிற்சி, அதைப் பிரேஸ் ஈடுகட்டாது.

துவைக்கும்போது வெல்க்ரோவை ஒட்டிவிட்டு, கையால் அலசி, நிழலில் காயப்போடுங்கள். வெந்நீரில் எலாஸ்டிக் தொய்ந்துவிடும்.