கடைவாய்ப்பல் பிரிட்ஜ்: ஒட்டும்போது சறுக்கும் இடங்கள்

பக்கத்துப் பற்களைச் சுற்றிலும் சீவிக் கேப் மாட்டாமல், உள்பக்கம் மெல்லிய இறக்கைகளை ஒட்டி, விழுந்த கடைவாய்ப்பல்லின் இடத்தை அடைக்கிற பிரிட்ஜ் இது. பர்கூர், வேப்பனப்பள்ளி, குப்பம் பக்கம் புதிதாக கிளினிக் வைக்கும் இளம் மருத்துவர்கள் இதில் ஒரே இடங்களில்தான் சறுக்குகிறார்கள். ரப்பர் டேம் போடுவது, எச்சில் படாமல் பார்ப்பது எல்லாம் கல்லூரியிலேயே சொன்னதுதான். அவற்றை விட்டுவிடுகிறேன்.

வாயில் வைத்துப் பார்த்த ஜிர்கோனியாவை எச்சிங் ஜெல்லால் கழுவுவது

மற்ற எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தவர்களே இங்கே கோட்டை விடுவதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். லேபிலிருந்து வந்த ஜிர்கோனியா பிரிட்ஜை, அதாவது கடினமான வெள்ளைப் பீங்கானில் செய்ததை, வாயில் வைத்துப் பொருத்தம் பார்த்தாயிற்று, எச்சில் பட்டுவிட்டது. கைக்கெட்டும் தூரத்தில் எச்சிங் ஜெல், பல்லின் மேல்பரப்பைச் சொரசொரப்பாக்கும் பாஸ்பாரிக் அமிலம். தடவி, கழுவி, காற்றடித்து ஒட்டிவிடுகிறார்கள். கண்ணாடிப் பீங்கானில் இந்தப் பழக்கத்தால் கெடுதல் இல்லை. ஜிர்கோனியாவில் அந்தப் பாஸ்பாரிக் அமிலமே வினை. சிமெண்டை ஜிர்கோனியாவோடு பிணைப்பது, ஒட்டும் முன் தடவும் பிரைமரில் இருக்கும் எம்.டி.பி. மூலக்கூறின் பாஸ்பேட் முனை. அது உட்கார வேண்டிய இடத்தில் ஜெல்லின் பாஸ்பேட் முந்தி உட்கார்ந்துவிடும். எச்சிலில் இருக்கும் பாஸ்பேட்டும் அதையே செய்யும். தண்ணீர் விட்டால் இரண்டும் போகாது.

அலசியபின் 50 மைக்ரான் அலுமினாவால் 1 முதல் 2 பார் அழுத்தத்தில், ஒரு சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, 10 முதல் 15 விநாடி உட்பக்கத்தைச் சாண்ட்பிளாஸ்ட் செய்யுங்கள், அதாவது அந்தத் தூளைக் காற்றோடு பீய்ச்சி அடியுங்கள். அழுத்தம் கூடினால் நுண்விரிசல் விழும். பிறகு எம்.டி.பி. பிரைமர், உடனே சிமெண்ட். நடுவில் உட்பக்கத்தை விரலால் தொடக்கூடாது. சாண்ட்பிளாஸ்டர் இல்லையென்றால் ஜிர்கோனியாவுக்கென்றே விற்கும் கிளீனிங் பேஸ்டை 20 விநாடி தேய்த்துக் கழுவலாம்.

"ராகிக் களி தின்னும்போதே கழண்டுடுச்சுங்க டாக்டர்" என்று ஒரு பெரியவர் பிரிட்ஜைத் துணியில் முடிந்துகொண்டு வந்தால், அதைத் திருப்பிப் பாருங்கள். உட்பக்கம் துடைத்துவிட்டதுபோல் வெறுமையாக, சிமெண்ட் முழுதும் பல்லிலேயே நின்றிருந்தால் பிழை ஜிர்கோனியாப் பக்கம். சிமெண்ட் இறக்கையோடு வந்திருந்தால் பிழை எனாமல் பக்கம்.

ஃப்ளோரைடு கறைப் பல்லுக்கும் வழக்கமான 20 விநாடி எச்சிங்

கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் பல ஊர்களின் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013-இல்தான் வந்தது. அதற்குமுன் போர் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்களின் கறை அப்படியே இருக்கிறது. அந்த எனாமலின் மேல்பரப்பு அமிலத்துக்கு எளிதில் மசியாது. நைசான டைமண்ட் பர்ரால் லேசாக உரசிவிட்டு, 37 சதவீத ஜெல்லை 60 விநாடி வரை விடுங்கள். சுண்ணாம்பு வெள்ளையாக மாறினால் போதும் என்ற கணக்கு இங்கே ஏமாற்றும், ஏனென்றால் இந்தப் பல் முன்பே அந்த நிறம்தான். எச்சிங்குக்கு முன்பே பல்லைக் காயவைத்துப் படம் எடுத்து, பின்னால் ஒப்பிடுங்கள். குழி விழுந்து உதிரும் எனாமல் என்றால் இந்த பிரிட்ஜே வேண்டாம்.

பிடுங்கிய மறுமாதமே அளவெடுப்பது

மூன்று மாதம் பொறுங்கள். இல்லாவிட்டால் பின்னால் ஈறு வற்றி பிரிட்ஜின் அடியில் சந்து விழும்.

எதிர்ப்பல் நீண்டு வந்ததைக் கவனிக்காமல் விடுவது

பொய்ப்பல்லுக்கு உயரமே கிடைக்காது.

ஒரு இறக்கை விட்டதைக் கண்டுகொள்ளாதது

இரண்டில் ஒன்று மட்டும் விட்டால் பிரிட்ஜ் விழாது, வலியும் இருக்காது. அந்த இடுக்கில் சாப்பாட்டுத் துணுக்கு தங்கி, அடியில் பல் சொத்தையாகிக்கொண்டே போகும். ஆறு மாதத்துக்கொரு முறை வரச்சொல்லி, ஒவ்வொரு இறக்கையையும் தனித்தனியாகக் கருவியால் மெல்ல நெம்பிப் பாருங்கள். விளிம்பில் எச்சில் குமிழியிட்டால் அந்தப் பக்கம் விட்டிருக்கிறது.