பேட்டரி மேல் பழி போடும் முன்: டெர்மினல் மாட்டுவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இன்வெர்ட்டர் வேலைக்குப் புதிதாக வரும் பையன்களுக்கு சிவப்பு எங்கே, கறுப்பு எங்கே என்று சொல்லித் தர வேண்டியதில்லை, அது அவர்களுக்கே தெரியும். அதனால் பிளஸ், மைனஸ் பாடம் இங்கே கிடையாது. எல்லாவற்றையும் மாட்டி, லைட் எரிந்ததும் டூல் பையைச் சுருட்டிக்கொண்டு கிளம்புகிறார்களே, அதற்கு அப்புறம் வீட்டுக்காரர் தலையில் விடியும் தவறுகளைப் பற்றித்தான் எழுதுகிறேன். ஒரு காலத்தில் எங்கள் செட்டே செய்த தவறுகள்தான், புதிதாக ஒன்றுமில்லை.

வாஷரை எங்கே போடுவது

வீட்டு வயரிங்கில் கை பழகியவர்களுக்கு 12 வோல்ட் என்றாலே ஓர் அலட்சியம். தொட்டால் ஷாக் அடிக்காது, அப்புறம் என்ன என்று நினைப்பு. கணக்குப் போட்டுப் பாருங்கள். 600 வாட் லோடு 230 வோல்ட்டில் மூன்று ஆம்பியர்கூட இழுக்காது. அதே 600 வாட்டை 12 வோல்ட் பேட்டரியிலிருந்து எடுக்க 50 ஆம்பியர் வேண்டும், இன்வெர்ட்டர் தின்பதையும் சேர்த்தால் 60-ஐத் தொட்டுவிடும். அவ்வளவும் போவது லக்கும் (கேபிள் நுனியில் மாட்டும் ஓட்டை போட்ட உலோகத் துண்டு) பேட்டரி டெர்மினலின் ஈயமும் ஒட்டி உட்காரும் அந்தச் சின்ன இடத்தின் வழியாக.

நம்ம ஆள் சரியாக அந்த இடத்தில் கொண்டுபோய் வாஷரைச் சொருகுவார். அடியில் ஈய டெர்மினல், மேலே இரும்பு வாஷர், அதற்கு மேல் லக், கடைசியில் நட். பார்க்க நேர்த்தியாகத்தான் இருக்கும். ஆனால் லக்கின் தட்டையான முகம் நேராக ஈயத்தில் உட்கார வேண்டும். வாஷர், ஸ்பிரிங் வாஷர் எல்லாம் நட்டுப் பக்கம். அழுத்திப் பிடிப்பதுதான் வாஷரின் வேலை, கரண்ட் கடத்துவது அதன் வேலையே இல்லை.

திருமங்கலம் பக்கம் ஒரு வீடு. 150 ஏஎச் ட்யூபுலர் பேட்டரி, வாங்கி இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. கரண்ட் போனால் அரை மணி நேரத்தில் இன்வெர்ட்டர் கத்துகிறது. பார்க்க வந்தவர் "பேட்டரி போயிடுச்சு சார்" என்று சொல்லி, பழையதை எடைக்கு எடுத்துக்கொண்டு புதியதை வைத்துவிட்டுப் போயிருக்கிறார். கேபிள் அதே கேபிள், லக்கும் அதே லக், இடையில் அதே வாஷர். புதியதும் கத்த ஆரம்பித்த பிறகுதான் என்னைக் கூப்பிட்டார்கள். பிளஸ் பக்கத்து லக் பழுப்பும் நீலமுமாகக் கருகி, மேலிருந்த சிவப்பு ஸ்லீவ் முறுகி வெடித்திருந்தது. டெர்மினலைச் சுற்றி பிளாஸ்டிக் லேசாக உப்பியிருந்தது. நட்டைக் கழற்றிய பிறகும் வாஷர் வரவில்லை, ஈயத்தில் புதைந்து கிடந்தது. ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி எடுத்தேன், ஈயத்தின் முகத்தைத் தேய்த்துச் சுத்தம் செய்து, புது லக் போட்டேன். பேட்டரியில் ஒரு குறையும் இல்லை. பழையதும் அப்படித்தான் இருந்திருக்கும், ஆனால் அது எடைக்குப் போய்விட்டதே!

அந்த இணைப்பில் 0.02 ஓம் தடை இருந்தால் போதும், 50 ஆம்பியர் ஓடும்போது ஒரு முழு வோல்ட் அங்கேயே காணாமல் போகும். சூடு 50 வாட், அதாவது 25 வாட் சால்டரிங் அயர்ன் இரண்டை டெர்மினலில் சாய்த்து வைத்த மாதிரி. பேட்டரியில் 11.5 வோல்ட் இருந்தாலும் இன்வெர்ட்டருக்கு வந்து சேர்வது 10.5 தான், அது பேட்டரி காலி என்று முடிவு கட்டி நின்றுவிடும். சார்ஜ் ஏறும்போது இதே கதை தலைகீழாக நடக்கும். பேட்டரி நிரம்பும் முன்பே நிரம்பிவிட்டதாக நினைத்து இன்வெர்ட்டர் கரண்டைக் குறைத்துக்கொள்ளும். மாசக்கணக்கில் அரைகுறை சார்ஜில் கிடந்தால் பிளேட்டில் சல்பேட் இறுகி, கடைசியில் பேட்டரி நிஜமாகவே போய்விடும்.

வாஷரைக்கூட மன்னித்துவிடலாம். மல்டிமீட்டரைப் பையில் வைத்துக்கொண்டே பேட்டரிக்குத் தீர்ப்பு எழுதுகிறார்கள் பாருங்கள், அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். லோடு ஓடும்போது மீட்டரின் ஒரு முனையை ஈயத்தில் வையுங்கள், இன்னொன்றை லக்கில். சில மில்லிவோல்ட் காட்டினால் சரி. 0.1 வோல்ட்டைத் தாண்டினால் கழற்றிப் பார்த்தே ஆக வேண்டும். மீட்டர் இல்லையென்றால், பத்து நிமிஷம் நல்ல லோடு ஓட்டி, ஆஃப் செய்துவிட்டு, புறங்கையை இரண்டு லக்குக்கும் பக்கத்தில் கொண்டுபோங்கள். ஒன்று மட்டும் கொதித்தால் கோளாறு அங்கேதான்.

வாசலின்

டைட் செய்த பிறகு, வெளிப்பக்கம், மெல்லிசாக.

காரில் எதை முதலில் கழற்றுவது

மைனஸை. மாட்டும்போது மைனஸ் கடைசி. கார் பாடி முழுக்க மைனஸ். அது மாட்டியிருக்கும்போது பிளஸ் நட்டைத் திருகி, ஸ்பேனரின் மறுமுனை பானெட்டின் ஓரத்தில் பட்டால் பல நூறு ஆம்பியர் ஸ்பேனர் வழியாகப் பாயும். கையில் மோதிரமோ இரும்புப் பட்டை வாட்சோ இருந்தால் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

மெல்லிய போஸ்ட்டில் பெரிய கிளாம்ப்

சில சின்ன கார்களின் பேட்டரி போஸ்ட் (மேலே நீட்டிக்கொண்டிருக்கும் ஈய முளை) மெல்லிசாக இருக்கும். பெரிய கிளாம்பை மாட்டி, ஆடாமல் இருக்க ஆணியோ தகரத் துண்டோ சொருகி அனுப்பிவிடுவார்கள். ஸ்டார்ட்டர் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும் இடத்தில் ஆணி! சரியான கிளாம்ப் வாங்குங்கள், இல்லை ஈய ஸ்லீவ் போடுங்கள்.

சுத்தியல்

வேண்டவே வேண்டாம். கிளாம்ப் இறங்கவில்லையென்றால் அதன் வாயை விரித்துவிடுங்கள்.

சார்ஜ் ஏறும்போதே கழற்றுவது

ஈய பேட்டரி சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் விடும். காற்றில் அது 4 சதவீதம் சேர்ந்தாலே ஒரு பொறி போதும். முதலில் மெயின் பிளக், அடுத்து இன்வெர்ட்டர் சுவிட்ச். ஜன்னலைத் திறந்துவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். திரும்ப மாட்டும்போது லக் தொட்டதும் 'பட்' என்று ஒரு பொறி பறக்கும், இன்வெர்ட்டருக்கு உள்ளே கெபாசிட்டர் நிரம்புகிறது, அவ்வளவுதான். முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு ஒரே மூச்சில் வையுங்கள். பயந்து கையை இழுத்து இழுத்து வைத்தால் ஒரு பொறி பத்துப் பொறியாகும்.

ஒரு மாசம் கழித்து

ஈயம் மெத்தென்ற உலோகம், நட்டின் அழுத்தத்தில் மெல்ல மெல்ல விட்டுக்கொடுக்கும். மாட்டிய அன்று டைட்டாக இருந்தது ஒரு மாசத்தில் அரைச் சுற்று இளகியிருக்கலாம். இன்வெர்ட்டரை ஆஃப் செய்து, பிடியில் டேப் சுற்றிய ஸ்பேனரால் மறுபடி ஒருமுறை டைட் செய்யுங்கள். அதற்காகத் தொங்கித் தொங்கி முறுக்கினால் போஸ்ட் அடியோடு திரும்பி, ஆசிட் கசிய ஆரம்பிக்கும். ஸ்பிரிங் வாஷர் தட்டையானதும் நிறுத்திவிடுங்கள்.