மாலை வகுப்பில் ஆங்கிலம் வாசிக்கப் பழக்குவது எப்படி?

2021-இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி மையமோ, தெருவில் நடக்கும் இலவச டியூஷனோ, நிலைமை ஏறக்குறைய ஒன்றுதான். மாலை 5 மணிக்கு மேல் ஒரு மணி நேரம், இருபது பிள்ளைகள், மூன்றாம் வகுப்பும் ஆறாம் வகுப்பும் ஒரே பாயில். ஏபிசிடியை மூச்சுவிடாமல் ஒப்பிப்பார்கள். ‘பின்’ என்று ஆங்கிலத்தில் எழுதிக் காட்டினால் ‘பி, ஐ, என்’ என்று சொல்லிவிட்டு விழிப்பார்கள். எழுத்தின் பெயர் தெரியும், ஒலி தெரியாது.

முதல் நாள் ஒவ்வொருவரையும் தனியாக அழைத்துச் சின்ன எழுத்துகள், மூன்றெழுத்துச் சொற்கள், ஒரு குட்டி வாக்கியம் என்று வாசிக்கச் சொல்லுங்கள். ஆளுக்கு இரண்டு நிமிடம் போதும். எங்கே நிற்கிறார்களோ அதுதான் அவர்கள் குழு. எந்த வகுப்பு என்று பார்க்க வேண்டாம். சின்னப் பிள்ளைகளோடு உட்காரக் கூச்சப்படும் ஆறாம் வகுப்புப் பையனிடம் மூடிகளைப் பங்கிடும் பொறுப்பைக் கொடுங்கள்.

என்ன மூடி? தண்ணீர் பாட்டில் மூடிதான். மார்க்கரால் மூடிக்கு ஓர் எழுத்து. தொடக்கம் எஸ், ஏ, டீச்சரின் டி, பென்சிலின் பி, ஐ, என். ஏ-யிலிருந்து வரிசையாகப் போகாதீர்கள். இந்த ஆறு எழுத்திலேயே பின், டின், சிட், டிப் என்று சொற்கள் கிடைத்துவிடும். எழுத்துக்கு இரண்டு வீதம் ஒரு ஜோடிப் பிள்ளைகளுக்கு 12 மூடி, பத்து ஜோடிக்கு 120. பெரிய எழுத்து இப்போதைக்கு வேண்டாம். புத்தகத்தில் கண்ணில் படுவதெல்லாம் பெரும்பாலும் சின்ன எழுத்துதான்.

தமிழ்ப் பிள்ளைகளுக்கு இதில் பாதி வேலை ஏற்கெனவே முடிந்திருக்கிறது. ப் + இ = பி என்று உயிர்மெய் படித்தவர்கள் அவர்கள். எஸ்ஸை ‘ஸ’ என்று சொல்லாமல் புள்ளி வைத்த ‘ஸ்’ஸாகச் சொல்லிக்கொடுங்கள். ஸ்… இ… ட்… மூடிகளை நெருக்கி வைக்க வைக்க ஒலியும் நெருங்க வேண்டும். ‘ஸ, இ, ட’ என்று பழகியவர்களுக்கு எத்தனை முறை சேர்த்தாலும் ‘சிட்’ வராது. நாளுக்கு ஓர் ஒலி, மறுநாள் பழையதை ஐந்து நிமிடம் திருப்புதல். ஆறும் படிய இரண்டு வாரம் ஆகலாம்.

சிக்கல் வரும் இடங்களும் தமிழிலிருந்தே வருகின்றன. பென்சிலுக்கும் பஸ்ஸுக்கும் நமக்கு ஒரே ‘ப’. ‘பம்பரம்’ சொல்லச் சொல்லுங்கள்: முதல் ப பென்சிலுடையது, அடுத்தது பஸ்ஸுடையது. ‘வட்டி, வண்டி’ என்றால் டீச்சரும் டாக்டரும் பிரிந்துவிடுவார்கள். ஆகவே ஆங்கிலச் சொல்லின் மேல் தமிழில் எழுதிப் படிக்க விடாதீர்கள். அந்த வேறுபாடு அங்கேயே அழிந்துபோகும். ‘இஸ்கூல்’ என்பவர்களை ‘ஸ்ஸ்ஸ்’ என்று இழுத்துப் பிறகு ‘கூல்’ சொல்ல வையுங்கள். ‘பஸ்ஸு’, ‘பென்னு’ என ஒட்டும் உகரத்துக்கு வாயை உடனே மூடச் சொல்வதைவிட, சொல்லி முடித்ததும் ஒரு கைதட்டல் நல்ல மருந்து. டாக்டரின் டி-யும் பஸ்ஸின் பி-யும் சின்ன எழுத்தில் கண்ணாடிப் பிம்பங்கள். ஒன்றைக் கற்று மூன்று வாரமாவது கழித்து மற்றதைத் தொடுங்கள்.

பேச்சுக்கு 15 நிமிடம். பசியோடும் களைப்போடும் வருவார்கள்; ‘டச் யுவர் நோஸ்’, ‘ஸ்டாண்ட் அப்’ என்று உடம்பை அசைக்கும் கட்டளைகளில் தொடங்குங்கள். கோரஸை நம்பாதீர்கள், பாதிப் பேர் வாயை மட்டும் அசைப்பார்கள். மூன்று முறை கோரஸ், பிறகு ஜோடியாக, கடைசியில் ஐந்து பேர் தனித்தனியாக. தவறினால் நடுவில் நிறுத்தாமல், முடித்ததும் சரியான வாக்கியத்தை நீங்கள் ஒருமுறை சொன்னால் போதும்.

பள்ளி வீட்டுப்பாடம் முழு நேரத்தையும் விழுங்கும். அதைக் கடைசிப் பத்து நிமிடத்தில் அடைத்துவிடுங்கள்.

அடுத்த ஆறு எழுத்துக்குப் போகலாமா என்று பார்க்க, ‘நிஸ்’, ‘இப்’ போன்ற பொருளில்லாத சொற்களை மூடிகளில் அடுக்கிக் காட்டுங்கள். பார்த்துப் பழகிய சொல்லை மனப்பாடமாகச் சொல்லிவிடலாம். இவற்றைச் சொல்ல ஒலி கூட்டத் தெரிந்திருக்க வேண்டும். ஐந்தில் நாலு வந்தால் மேலே போகலாம்.